ஒன்றரை ஷிப்டு வேலைக்கு நடுவுல ஜெபம், பைபிள், நேர்மை… எப்படிங்க கொண்டு போறீங்க?

பனியன்சிட்டி_தங்கச்சி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில க்யூசியா, அதாவது தெச்ச பீஸோட தரத்தையும் அளவையும் செக் பண்ற வேலைல இருக்கேன், ஊட்டுக்காரரு வேற கம்பெனில கட்டிங் மாஸ்டர். காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்டு முடிஞ்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வர்றது, ஷிப்மென்ட் நெருங்கிருச்சுன்னா அதுக்கும் மேல போகும், சில வாரம் ஞாயித்துக்கெழமையும் வரச்சொல்லிருவாங்க. சர்ச்சுல உக்காந்திருக்கறப்ப மனசு அப்படியே நெறஞ்சு இருக்குதுங்க, ஆனா திங்கக்கெழமை லைனுக்குப் போயி தப்பா தெச்சு திருப்பி சரிபண்ண வேண்டிய ஆல்டர் பீஸ் குமிஞ்சு கெடக்கறத பாத்தா அந்த மனசு நிக்க மாட்டேங்குது.

கேக்கணும்னு நெனைக்கறது இதுதானுங்க. நேரமே இல்லாத ஆளுங்க ஜெபமும் பைபிளும் எப்படி பண்றீங்க? நாலு மணிக்கு எந்திரிங்கன்னு கன்வென்ஷன்ல சொல்றாங்க, பதினோரு மணிக்குப் படுக்கறவங்களுக்கு அது ஆவறதில்லைங்க, பொறவு நாள் பூரா தலவலி. அதைவிட பெருசு இன்னொன்னு. செஸ்ட் அளவு டாலரன்ஸை, அதாவது கூடக்கொறைய இருக்கலாம்னு விட்ட அளவை தாண்டி கொறைஞ்சு வந்தாலும் ரிப்போர்ட்டுல ஓகேன்னு போடுங்கன்னு மேல இருந்து சொல்றாங்க. சத்தம் போட்டாத்தான் டைலருங்க வேலை செய்வாங்க, நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்கன்னும் சொல்றாங்க. விசுவாசம்னு ஒன்னு இருந்தா அது இந்த எடத்துலதான தெரியோணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, பசங்களுக்கும் இதைத்தான் கத்துக்குடுக்கோணும்னு ஆசைப்படறேன்.

---

மஞ்சமண்டி_ஈரோடு:

அம்மிணி, ஸ்தோத்திரம். நான் ஈரோட்டுல மஞ்சள் வியாபாரம், பிரப் சர்ச்சு சபைதான் எங்களுக்கு தலைமொறையா. நீ கேட்டதுல ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல வர்றேன், ஏன்னா அதுதான் பெருசுன்னு நீயே சொல்லிப்போட்ட.

தானியேல் ஆறாம் அதிகாரத்தை எல்லாரும் சிங்கக் கெபிக்காக வாசிப்பாங்க. அதுல நாலாம் வசனத்தை நின்னு வாசி அம்மிணி. அந்தாளு ராஜாகிட்ட உத்தியோகத்துல இருந்தவரு, பெரிய அதிகாரி. அவரை கவுக்கோணும்னு கூட வேலை பாத்தவங்க எல்லாம் அவரு பாத்த வேலையைத்தான் மொதல்ல நோண்டிப் பாத்தாங்க, ஒரு குத்தமும் கெடைக்கல. கெடைக்காததுனாலதான் ஜெபத்துல போயி கை வெச்சாங்க. தெனம் மூணு வேளை ஜன்னலைத் தொறந்து வெச்சு முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணினாருன்னு பத்தாம் வசனத்துல வருது, சரி, ஆனா ஊருக்கு மொதல்ல தெரிஞ்சது அவரு வேலையில இருந்த உண்மை. நாம இதை பிரிச்சு வெச்சுட்டோம், ஜெபம் ஒரு பக்கம் வேலை ஒரு பக்கம்னு.

எங்க தொழில்லயும் இந்த சோதனை இருக்குது. மூட்டைக்கு மேல நல்ல விரலி மஞ்சளா பாத்து வெச்சுட்டு அடியில ஈரம் காயாத சரக்கை போடறவங்க இருக்காங்க, சாம்பிள் பாக்கறவன் கை மேலாக்கத்தான போகும். நீதிமொழிகள் 11 ஆரம்பிக்கறதே தராசுலதான், கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு. உன்ற இஞ்ச் டேப்பும் ஒரு தராசுதான். கொறைஞ்ச அளவை சரின்னு எழுதாத, அவ்வளவுதான் நான் சொல்றது. வேலை போனாலும் கர்த்தர் பாத்துக்குவாரு.

---

மெர்ச்சன்ட்_அவினாசி:

அண்ணன் சொன்ன தானியேல் விசயம் ரொம்ப சரிங்க, ஆனா கடைசி வரி மட்டும் சித்தெ யோசிச்சு சொல்லோணும். வாடகை ஊடு, பசங்க ஸ்கூல் பீஸ்னு இருக்கறவங்ககிட்ட வேலை போனாலும் பரவால்லன்னு சொல்றது நமக்கு ஈசி. நான் மெர்ச்சன்டைசிங்ல, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆர்டரை பாத்துக்கற வேலைல இருக்கேன், அக்காவுக்கு நடுவுல ஒரு வழி இருக்குதுங்க.

அக்கா, ரிப்போர்ட்டுல வந்த அளவை வந்தபடியே எழுதுங்க. 52 வரவேண்டியது 50 வந்தா 50ன்னே போடுங்க, பாஸ் பெயில்னு எழுதற கட்டத்தை மட்டும் மேனேஜரை முடிவு பண்ணி கையெழுத்து போடச்சொல்லுங்க. "சார், நான் அளந்தது இது, நீங்க டிசைட் பண்ணுங்க"ன்னு மரியாதையா சொன்னா அதுல சண்டையே இல்லீங்க. அதே மாதிரி அளவு கொறையறது பைனல்ல தெரியறதுக்கு முன்னாடி மொத நாள் இன்லைன்லயே, லைன்ல தெச்சுட்டு இருக்கறப்பவே சொல்லிப்போடுங்க, அப்போ கட்டிங்லயோ துணி சுருங்கறதுலயோ எங்க தப்புன்னு பாத்து சரிபண்ண நேரம் இருக்கும். கடைசி நாள்ல உண்மைய சொன்னா அது உண்மையாவே இருந்தாலும் எல்லாருக்கும் எரிச்சல்தான் வரும். சரக்கு வாங்கற பையர்கிட்டயும் முன்னாடியே மெயில் போட்டு, இந்த சைஸ்ல இவ்வளவு கொறையுது, ஏத்துக்குவீங்களான்னு கேட்டா பாதி நேரம் ஓகே சொல்லிருவாங்க. மறைச்சு அனுப்பிட்டா அவங்க ஆளு பைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து ஏக்யூஎல் 2.5னு, சாம்பிள்ல இத்தனை தப்பு வரைக்குந்தான் ஏத்துக்கலாம்னு வெச்ச கணக்குல பீஸ் எடுத்து அளக்கறப்ப எப்படியும் மாட்டும், அப்பறம் மொத்த லாட்டையும் ரீசெக் பண்ணோணும், யாரு ராத்திரி உக்காந்து பண்றது, அதே செக்கிங் பொண்ணுங்கதான்.

உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கன்னு மத்தேயு 5:37ல இயேசு சொன்னது எங்க மெயிலுக்கும் பொருந்துமுங்க. "டுடே டிஸ்பேட்ச்"னு போடறதுக்கு முன்னாடி பேக்கிங் போயி ஒருவாட்டி பாத்துட்டு வந்து போடறது கூட ஒரு விசுவாச காரியம்தான்னு நான் நெனைக்கறேன்.

---

கருமத்தம்பட்டி_அக்கா:

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்க சபைங்க, ஜெபமாலை மாதா கோயில் பக்கந்தான் ஊடு, அதனால எங்க பழக்கத்துல இருந்து ஒன்னு சொல்றேன், உங்களுக்கு உதவுதான்னு பாருங்க.

இஞ்ஞாசியார், 16ஆம் நூற்றாண்டுல சேசு சபையை தொடங்குனவரு, அவரு சொல்லிக்குடுத்த செபம் ஒன்னு இருக்குது, ஆன்ம சோதனைன்னு சொல்லுவோம். மத்தியானம் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, அந்த நாளை கடவுள் முன்னாடி வெச்சு திரும்பிப் பாக்கறது. மொதல்ல நன்றி சொல்றது, அப்பறம் வெளிச்சம் கேக்கறது, அப்பறம் காலைல இருந்து என்னென்ன நடந்துச்சு, எந்த எடத்துல மனசு கடவுள்கிட்ட நெருங்குச்சு, எங்க தள்ளிப் போச்சுன்னு நெனச்சுப் பாக்கறது, மன்னிப்பு, அப்பறம் நாளைக்கு என்ன செய்யலாம்னு. குத்தத்தை மட்டும் எண்ணறதுன்னு பலபேரு நெனச்சுக்கறாங்க, அது இல்லீங்க, நன்றியில ஆரம்பிக்கறதுனாலதான் அதை தெனம் செய்ய முடியுது. உங்களுக்கு சாப்பாட்டு பிரேக் இருக்குமில்லீங்களா, டிபன் பாக்ஸை தொறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணை மூடுனா போதும். ராத்திரி கம்பெனி வேன்ல வர்றப்ப இன்னொருக்கா. தனி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

இன்னொருத்தரும் இருந்தாரு, சகோதரர் லாரன்ஸுனு, 17ஆம் நூற்றாண்டு, பாரிசுல கார்மேல் மடத்துல. அவருக்கு குடுத்த வேலை சமையக்கட்டு. பாத்திரச் சத்தத்துக்கும் ஆளுங்க கூப்படற சத்தத்துக்கும் நடுவுல நின்னுட்டே கடவுள்கூட பேசிட்டு இருக்கலாம், செப நேரம் வேற வேலை நேரம் வேறன்னு இல்லைன்னு வாழ்ந்து காட்டுனவரு. நான் அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வெக்கறப்பெல்லாம் அவரைத்தான் நெனச்சுக்குவேன். இட்லி ஊத்தறப்ப ஒவ்வொரு பிள்ளை பேரா சொல்லி செபிக்கலாமுங்க, கை பாட்டுக்கு வேலை செய்யும்.

---

பனியன்சிட்டி_தங்கச்சி:

அய்யோ ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மெர்ச்சன்ட் தம்பி சொன்ன மாதிரி அளவை நான் எழுதி முடிவை அவங்க போடறது, இது எனக்கு தோணவே இல்லைங்க, இதை கேட்டுப் பாக்கறேன். அக்கா, இட்லி ஊத்தறப்ப ஜெபம், இது நாளைக்கே ஆரம்பிச்சர்றேன். பைபிள் வாசிக்கறதுக்கும் யாராச்சும் சொல்லுங்க, ஆதியாகமத்துல ஆரம்பிச்சா லேவியராகமம் வந்ததும் நின்னு போகுது. அப்பறம் அந்த சத்தம் போடற விசயம்?

---

தாராபுரம்_டீச்சர்:

கண்ணு, நான் ரிட்டயர்டு வாத்தியாரம்மா, இப்போ ஞாயிறு பள்ளி நடத்தறேன்.

வாசிக்கறதுக்கு மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பி. 16 அதிகாரந்தான், இயேசு நடந்துட்டே இருப்பாரு, ஜனங்க நெருக்கிட்டே இருப்பாங்க, சாப்படக்கூட நேரமில்லைன்னு அதுல எழுதியிருக்கும், உன்ற நெலமைக்கு கிட்ட வரும். ஒரு அதிகாரம் முடியலைன்னா ஒரு சம்பவம் மட்டும் வாசி. அதை முடிச்சுட்டு நீதிமொழிகள் எடு, 31 அதிகாரம், தேதிக்கு ஒன்னுன்னு வெச்சுக்கிட்டா எங்க விட்டோம்னு தேட வேண்டியதில்லை, ஒரு நாள் தவறிப்போனாலும் அடுத்த தேதிய எடுத்துக்கிட்டு போயிட்டே இருக்கலாம். தவறுன நாளை ஈடுகட்டறேன்னு மட்டும் உக்காராத, அதுலதான் நெறைய பேரு விட்டுப்போடறாங்க. போன்ல ஆடியோ பைபிள் இருக்குது, பஸ்ல அதைக் கேளு.

கோபத்துக்கு சங்கீதம் 141, மூணாம் வசனம். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்." இதை மனப்பாடம் பண்ணிக்க, லைனுக்குள்ள நொழையறப்ப சொல்லிக்க. அதோட ஒன்னு செய்யி, ஆல்டர் பீஸை தூக்கி மேல போடாம, அந்த டைலர் பொண்ணு பக்கத்துல போயி பேரைச் சொல்லி கூப்பிட்டு, "இந்த தையல் இங்க இழுக்குது பாரு"ன்னு காட்டு. கண்டிப்பா இருக்கறது வேற, கத்தறது வேற. நீ அமைதியா இருக்கறது குறையில்லை கண்ணு, யார் சொன்னாலும் அதை விட்டுக்குடுக்காத. யோப்பா பட்டணத்துல தொற்காள்னு ஒரு அம்மா இருந்தாங்க, அப்போஸ்தலர் 9ல வர்றாங்க, அவங்க செத்தப்ப விதவைங்க எல்லாம் அழுதுட்டே அவங்க தெச்சுக்குடுத்த துணிங்களை எடுத்து பேதுருகிட்ட காட்டுனாங்க. துணி தெக்கறவங்களைப் பத்தி வேதத்துல இவ்வளவு அழகா எழுதியிருக்குது, இதை உன்ற லைன்ல இருக்கற பொண்ணுங்களுக்கும் ஒரு நாள் சொல்லு.

இன்னொன்னு, தனியா இதையெல்லாம் இழுக்காத. 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஜான் வெஸ்லி சபையாருங்க சின்னச்சின்ன வகுப்பா பிரிஞ்சாங்க, ஏறக்கொறைய பன்னெண்டு பேருக்கு ஒரு தலைவர். கட்டட கடனுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான் ஆரம்பிச்சது, ஆனா ஊடு ஊடா போனப்பதான் யாரு எப்படி வாழறாங்கன்னு தெரிஞ்சுது, அப்பறம் அதுவே வாரம் கூடி ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கற கூட்டமா மாறிப்போச்சு. உனக்கு பன்னெண்டு பேரு வேண்டாம், ஒரு அக்கா போதும். வாரத்துல ஒரு நாள் போன் போட்டு "இந்த வாரம் ரிப்போர்ட்டு எப்படி போச்சு, வாய் எப்படி இருந்துச்சு"ன்னு நேரா கேக்கறவங்களா இருக்கோணும்.

---

லேத்து_சிங்காநல்லூர்:

எல்லாரும் வேலைக்குப் போறவங்களுக்கு சொல்லிட்டீங்க, வேலை குடுக்கறவங்களுக்கு நான் ஒன்னு சொல்லிக்கறேனுங்க, நான் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன். அக்கா லேவியராகமத்துல நின்னு போகுதுன்னாங்க இல்லையா, அதுல 19ஆம் அதிகாரத்தை மட்டும் விட்டுராதீங்க. கூலிக்காரனோட கூலி விடியறவரைக்கும் உன்கிட்ட இருக்கக்கூடாதுன்னு 13ஆம் வசனத்துல இருக்குது, அதே அதிகாரத்துல 35ல அளவு, நிறை, படி எதுலயும் அநியாயம் செய்யாதீங்கன்னு. பார்ட்டி பில்லு பாஸ் ஆகலைன்னு சொல்லி சனிக்கெழமை சம்பளத்தை செவ்வாக்கெழமைக்கு தள்ளறது நம்ம ஊர்ல சாதாரணமாயிருச்சு, விசுவாசிங்க நடத்தற எடத்துலயும் நடக்குது, அதைப் பத்தி சபையில யாரும் பேசறதில்லைங்கறது எனக்கு பெரிய வருத்தம். அவங்க வாங்கற சம்பளத்தை நம்பித்தான் ஞாயித்துக்கெழமை கறிக்கொழம்பும் திங்கக்கெழமை பஸ் காசும். நான் ஜெபம் பண்ண உக்காந்தா மொதல்ல யாருக்காச்சும் பாக்கி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் உக்காருவேன்.

---

பனியன்சிட்டி_தங்கச்சி:

அண்ணா, இதை எங்க ஓனர் வாசிச்சா நல்லா இருக்கும். டீச்சரம்மா, கடைசியா ஒன்னே ஒன்னு, ராத்திரி ஒம்பது மணிக்கு ஊடு வந்து பசங்க தூங்கி விழறப்ப குடும்ப ஜெபம் எப்படிங்க வெக்கறது? பெரியவன் அஞ்சாவது, சின்னவ யூகேஜி.

---

தாராபுரம்_டீச்சர்:

சுருக்கமா வெய்யி கண்ணு. சங்கீதம் 121 எட்டே வசனம், 23 ஆறே வசனம், 117 ரெண்டே ரெண்டு. ஒரு வாரம் பூரா ஒரே சங்கீதம், பெரியவன் வாசிக்கட்டும், சின்னவ ஒரு வரி திருப்பிச் சொல்லட்டும், அப்பா ஜெபிக்கட்டும், அப்பா ஷிப்டுன்னா நீ. பாட்டு ஒரு சரணம் போதும். பாயில உக்காந்துட்டே பண்ணுங்க, சின்னவ தூங்கிட்டா எழுப்பாத. புதன்கெழமை ராத்திரி ஒம்பதரைக்கு நான் சும்மாதான் இருப்பேன், இங்க தனி மெசேஜ்ல நம்பர் அனுப்பு, நான் கூப்படறேன்.