அம்மாவின் 2,100 அடிகள்: கடிகாரத்தை நம்பலாமா?

கும்பகோணத்து மகள்:
அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. தம்பி வாங்கித் தந்த கைக்கடிகாரம் ஒரு நாளைக்கு 2,100 அடிகளைத் தாண்டிக் காட்டியதே இல்லை. 10,000 நடக்க வேண்டுமாமே என்று அம்மா கவலைப்படுகிறார். ஆனால் விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். கொல்லைக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து செடிகளுக்கு ஊற்றுகிறார். இவரா உழைக்காதவர்? வேறு எப்படி அளப்பது?

கணக்கெடுப்புக் களப்பணியாளர்:
ஒன்பது ஆண்டுகளாக வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் கேள்வித்தாள் நிரப்புகிறேன். "உடற்பயிற்சி செய்கிறீர்களா, பாட்டி?" என்றால், "அதெல்லாம் இல்லை, தம்பி" என்பார்கள், கையில் களைக்கொட்டு இருக்கும். "காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று தொடங்கினால் ஒரு நாள் முழுவதும் வரிசையாக வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கேள்வித்தாள் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்ததைத்தான் கேட்கும். பாட்டிகளின் வேலையோ நான்கு நிமிடம், ஆறு நிமிடம் எனத் துண்டு துண்டாக இருக்கும், அத்தனையும் விடுபட்டுப்போகும். இது எனக்கு ஆறாத வருத்தம். 2020 வழிகாட்டுதலில் அந்த 10 நிமிட நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே உருவான 'பேஸ்' கேள்வித்தாள், கடந்த 7 நாட்களின் வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் கேட்கிறது.

கடிகாரம் கை வீச்சை வைத்துத்தான் எண்ணுகிறது. குடம் பிடித்த கை வீசாது. அம்மாவோடு நடந்து 100 அடிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இயன்முறை மருத்துவர்:
10,000 என்பது 1965இல் ஜப்பானில் விற்ற, நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை.

கால் வலுவையும் பாருங்கள். சுவரை ஒட்டிய நாற்காலி, மார்பில் குறுக்காகக் கட்டிய கைகள், 30 விநாடிகள். எத்தனை முறை முழுதாக எழுகிறார்? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழ் என்றால் குறைவு. பக்கத்திலேயே நில்லுங்கள்.

கும்பகோணத்து மகள்:
குடத்தோடு 100 அடிகள் நடந்தார். கடிகாரம் 38 என்றது. நாற்காலியில் ஒன்பது முறைதான் எழுந்தார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. தினமும் காலையில் ஐந்து முறை எழுந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார். அடுத்த எண்ணிக்கை ஒன்றாம் தேதி என்று நாட்காட்டியில் அம்மாவே வட்டமிட்டிருக்கிறார்.