வின்மலியில் காணி வாங்கலாமா? சான்றிதழில் காட்டுத்தீ அபாய நிலம் என்று இருக்கிறது

துங்காபிவாசி:
வணக்கம். சிட்னியிலிருந்து புளூ மவுண்டன்ஸ் ஏறுகிற பாதையில், வின்மலியில் ஒரு வெற்றுக் காணி பார்த்திருக்கிறோம். முன்னால் ரோடு, பின்பக்கம் சரிந்து இறங்கி நேரே யூகலிப்டஸ் காட்டில் முடிகிறது. நாங்கள் இருக்கிற சிட்னிப் புறநகர் துங்காபியில் இந்தக் காசுக்கு இதில் பாதிகூடக் கிடைக்காது. ஆனால் ஒப்பந்தத்தோடு வந்த 10.7 சான்றிதழில் (காணிக்கு என்னென்ன கட்டுப்பாடு என்று கவுன்சில் தருவது) காட்டுத்தீ அபாய நிலம் என்று போட்டிருக்கிறது. ஏஜென்ட், "இந்தப் பக்கம் முக்கால்வாசிக் காணி அப்படித்தான், கண்ணாடியைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டால் சரி" என்கிறார். பில்டர் தந்த விலையில் கடைசி வரி: "பிஏஎல் செலவு சேர்க்கப்படவில்லை." அதாவது காட்டுத்தீ தாக்கும் மட்டத்துக்கு (Bushfire Attack Level) ஏற்றபடி கட்டுகிற செலவு. மனைவிக்கு வீடு பின்பக்கம் தள்ளி, காட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று ஆசை. 2013 அக்டோபர் தீயில் வின்மலி, ஸ்பிரிங்வுட், யெல்லோ ராக் பக்கம் ஏறத்தாழ 200 வீடுகள் போனது தெரியும், பிள்ளைகளோடு அங்கே போய் இருக்கப் போகிறோம், அதனால் பயமும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

வரைபடக்காரன்:
தம்பி, நான் வீட்டு பிளான் வரைகிறவன், மலைப்பக்க வேலைகள் நிறைய வரும். ஏஜென்ட் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஏஎல் என்பது காணிக்கு ஒட்டுமொத்தமாகக் கொடுக்கிற எண் கிடையாது. அந்தக் காணியில் வீட்டை *எங்கே* வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். 12.5, 19, 29, 40 என்று போகும்; தீ வரும்போது சுவரில் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் விழும் என்பதுதான் அந்த எண். 40க்கும் மேலே போனால் எஃப்இசட், அதாவது தீச்சுவாலையே வீட்டைத் தொடும் என்று கணக்கு.

அதை முடிவு செய்வது என்ன வகைக் காடு, சுவரிலிருந்து எத்தனை மீட்டர், நிலம் எப்படிச் சரிகிறது என்பவை. இதில் சரிவைத்தான் எல்லாரும் கவனிக்காமல் விடுகிறார்கள். தீ மேட்டில் ஏறும்போது 10 பாகைக்கு ஒரு தடவை வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி, உங்கள் பக்கத்து யூகலிப்டஸ் காட்டுக்கு, சமதரையில் பிஏஎல் 29க்குள் நிற்க 24 மீட்டர் இடைவெளி போதும். அதே காடு வீட்டுக்குக் கீழே 10 முதல் 15 பாகைச் சரிவில் இருந்தால் 45 மீட்டர் வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை போலத் தெரிகிறது. அந்த இடைவெளி பொதுவாக உங்கள் எல்லைக்குள்ளேயே வர வேண்டும், பின்னால் இருக்கிற நேஷனல் பார்க்கில் மரத்தை வெட்டி இடம் எடுக்க முடியாது.

வீட்டைப் பின்னால் தள்ளி வைத்தால் 40 அல்லது எஃப்இசட், ரோட்டோரம் இழுத்து வைத்தால் 29, ஏன் 19கூட வரலாம். 40 வந்தால் சிடிசி என்கிற விரைவு அனுமதிக் குறுக்கு வழி அடைபடும், கவுன்சிலில் டிஏ, அதாவது முழுக் கட்டட அனுமதி விண்ணப்பம், போட்டே ஆக வேண்டும். ஜன்னல், கதவு, கூரை, டெக் எல்லாவற்றுக்கும் ஏஎஸ் 3959 என்கிற காட்டுத்தீப் பகுதிக் கட்டடத் தரம் இறுகிக்கொண்டே போகும். அந்தக் காட்சிக்காக நீங்கள் கொடுக்கப்போவது கண்ணாடியின் தடிப்பு மட்டும் இல்லை.

ஆகவே ஆர்க்கிடெக்டைப் பார்ப்பதற்கு முன்னால், காட்டுத்தீ அபாயத்தைக் கணித்து அறிக்கை தருகிற புஷ்ஃபயர் கன்சல்டன்டைப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியதும் "பிஏஎல் என்ன" என்பது இல்லை, "29க்குள் வீடு வைக்க இந்தக் காணியில் எவ்வளவு இடம் இருக்கிறது" என்பது. பதில் ஒரு கராஜ் அளவு என்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்வுட் அக்கா:
வரைபடக்காரன் சொன்னது அத்தனையும் சரி. நான் இங்கே குடியிருக்கிறவள், எனக்கு மனதில் இருப்பதையும் சொல்கிறேன்.

வீடுகள் எரிவது பெரும்பாலும் பெரிய நெருப்பு நேரே வந்து விழுவதால் இல்லை, காற்றில் பறந்து வருகிற கங்குகளால். தீயின் முன் அணி வருவதற்கு முன்பும் கங்கு வரும், போன பிறகு மணிக்கணக்காகவும் வரும். கூரைப் பீலியில் கிடக்கிற காய்ந்த இலை, டெக் பலகை இடுக்கு, செங்கல் சுவரின் அடியில் தண்ணீர் கசிய விட்டிருக்கிற துளை, ஓட்டுக்கும் பீலிக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சந்து, இங்கெல்லாம் ஒரு கங்கு போய் உட்கார்ந்தால் போதும். அதனால்தான் 2 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத உலோக வலை கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சி வலை உருகிப் போய்விடும். பிளானில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, வேலை முடியும்போது நீங்களே ஏணி வைத்து ஒவ்வொரு மூலையும் பாருங்கள்.

மரத்தையும் பாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள உள்வலயத்தில் கிளைகளின் நிழல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கிளை கூரைக்கு மேல் நீளக் கூடாது, தரையிலிருந்து 2 மீட்டர் வரை கிளையே இருக்கக் கூடாது. இது ஒருநாள் வேலை கிடையாது அப்பன், வீடு இருக்கும் வரைக்கும் செய்ய வேண்டியது. இங்கே வந்து குடியேறுகிற சிலர் இரண்டு வருடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் அவர்களுடைய குப்பை எரிந்து என் வீட்டுக்கும்தான் கங்கு பறந்து வரும்.

துங்காபிவாசி:
இருவருக்கும் நன்றி. கூலிங் ஆஃப், அதாவது கையெழுத்துப் போட்ட பிறகு விலகிக்கொள்ள விடுகிற காலம், 5 வேலை நாள்தான் என்கிறார் லாயர், அதற்குள் கன்சல்டன்ட் அறிக்கை கிடைக்காது போலிருக்கிறது, நாளைக்கு அதை நீட்டிக் கேட்கச் சொல்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. மனைவிக்கு மரத்தாலான டெக் வேண்டும், 29இல் விடுவார்களா? பக்கவாட்டில் மர வேலியும் கராஜும் யோசித்திருந்தோம்.

வரைபடக்காரன்:
டெக் முடியும், ஆனால் கண்ட மரத்திலும் முடியாது. ஸ்பாட்டட் கம், பிளாக்பட், டர்பென்டைன், மெர்பாவ் உட்பட ஏழு வகை மரத்தைத் தீயைத் தாங்கும் மரமாக ஏற்றிருக்கிறார்கள், அவை 29 வரை செல்லும். பைன் கூடாது.

வேலி: வீட்டிலிருந்து 6 மீட்டருக்குள் வந்தாலோ, 29 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ எரியாத பொருளில்தான், கலர்பாண்ட் (வண்ணம் பூசிய இரும்புத் தகடு) போடுங்கள். கராஜும் 6 மீட்டருக்குள் வந்தால் வீட்டுக்குரிய விதி அதற்கும் பொருந்தும். முடிந்தால் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, தெருவில் ஹைட்ரன்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தீயணைப்புக்கென்றே தண்ணீர் ஒதுக்க வேண்டும்: 1,000 சதுர மீட்டருக்குக் குறைந்த காணிக்கு 5,000 லிட்டர், அதற்கு மேல் ஒரு ஹெக்டேர் வரை 10,000. தரைக்கு மேலே வைக்கிற டேங்க் என்றால் கான்கிரீட் அல்லது உலோகம், தீயணைப்பு வண்டி மாட்டுகிற 65 மில்லிமீட்டர் இணைப்போடு. கன்சல்டன்ட் வருகிற அன்றைக்கு இதையும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.