வட்டத்துண்டும் வட்டக்கோணப்பகுதியும் - பிள்ளைக்கு எப்படி வெளங்க வைக்க?

தக்கலை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மவன் இந்த வருசம் பத்தாம் கிளாசு, தமிழ் மீடியம். வட்டத்துல உள்ள பேரெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கான், ஆரம் விட்டம் நாண் வில்லுன்னு கேட்டா கடகடன்னு சொல்லுதான், ஆனா படத்துல தொட்டுக் காட்டுன்னு சொன்னா நாணத் தொட்டுட்டு விட்டம்ங்கான். வட்டத்துண்டு எது வட்டக்கோணப்பகுதி எதுன்னு சுத்தமா தெரியல. நேத்து ராத்திரி நோட்ட மூடி வச்சிட்டு அழுதுட்டான், எனக்கு மனசே கேக்கல. எங்க மாமாவுக்கு எண்பது தாண்டியாச்சு, திருவிதாங்கூர் காலத்துல மலையாளத்துல படிச்சவரு, அவரு பக்கத்துல இருந்து வியாசம், ஞாண், சாபம்னு சொல்லிக் குடுக்காரு, பிள்ளைக்கு இன்னும் கொழப்பம். நான் படிச்சதெல்லாம் மறந்தாச்சு. வீட்டுல கெடக்குத சாமான வச்சு சொல்லிக் குடுக்க வழி இருந்தா சொல்லுங்க. அடுத்து கோளம், அரைக்கோளம் வேற வருதாம்.

கணக்கு டீச்சர், குலசேகரம்:
அக்கா, மாமா சொல்லுதது ஒண்ணும் தப்பில்ல, அவர நிறுத்தாதீங்க. வியாசம்னா விட்டம், சாபம்னா வில்லு, ஞாண் நமக்க நாணேதான், ஆரத்துக்கு அங்கயும் ஆரம்தான். 1956 நவம்பர்ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேருததுக்கு முன்ன நெறைய பேரு அப்படித்தான் படிச்சாங்க.

பேர மனப்பாடம் பண்ண விடாம அந்தப் பேருக்குள்ள என்ன படம் இருக்குன்னு காட்டுங்க. வில்லுன்னா வளைஞ்ச கம்பு, நாண்னா அதுக்க ரெண்டு முனையையும் இழுத்துக் கட்டுன கயிறு. 2024 டிசம்பர் கடைசில திறந்த கண்ணாடிப் பாலத்துல, விவேகானந்தர் பாறைல இருந்து வள்ளுவர் சிலைக்குப் போவுதே 77 மீட்டர் நீளத்துல, அதுல கூட்டிட்டுப் போனீங்கன்னா மேல வளைஞ்சு நிக்குத இரும்பக் காட்டுங்க, அது வில்லு, கீழ நேரா நாம நடக்குத தளம் நாண், அந்த மாதிரி பாலத்துக்குப் பேரே வில்நாண் பாலம்தான். விட்டம்னா ஓட்டு வீட்டுல இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்குப் போட்டிருக்குத உத்தரம், மாமாவுக்கு நல்லாத் தெரியும். ஆரம், மாட்டுவண்டிச் சக்கரத்துல குடத்துல இருந்து வெளிவட்டம் வரைக்கும் போற ஆரக்கால்.

உங்க மவன் நாணத் தொட்டு விட்டம்னு சொன்னதுல பாதி சரி, ஏன்னா விட்டமும் ஒரு நாண்தான், மையம் வழியா போற நாண். அத அவன்கிட்ட சொல்லுங்க, பயம் போவும்.

இப்ப பப்படம். பொரிக்காத பப்படம் ரெண்டு எடுங்க. ஒண்ணுல கத்திரிய எங்க வேணும்னாலும் வச்சு நேரா ஒரே வெட்டு, விழுதது வட்டத்துண்டு, அதுக்க ஓரம் ஒரு நாணும் ஒரு வில்லும். இன்னொண்ணுல நடுவுல புள்ளி வச்சு ஓரத்துல இருந்து அந்தப் புள்ளி வரைக்கும் ரெண்டு வெட்டு, வருதது வட்டக்கோணப்பகுதி, ரெண்டு ஆரமும் ஒரு வில்லும். பேருலயே கோணம் இருக்குல்லா, அந்தக் கோணம் மையத்துல உக்காந்திருக்கு. சரி பாதியா வெட்டுன அரைவட்டத்துக்கு மட்டும் ரெண்டு பேரும் பொருந்தும்.

ரப்பர் தோட்டம், அருமனை:
டீச்சர் சொன்னது கொள்ளாம். நான் வேலை செய்யுத எடத்துல இருந்து சொல்லுதேன். ஒட்டு ரப்பர் மரத்துல ஒட்டு வச்ச எடத்துல இருந்து 125 செ.மீ. உயரத்துல சுற்றளவு 50 செ.மீ. ஆனாத்தான் பால் வெட்டத் தொடங்குவோம். மரத்த அறுத்தா விட்டம் பாக்க முடியும்? நூலச் சுத்தி அளந்து 3.14 ஆல வகுத்தா விட்டம் 16 செ.மீ. கிட்ட வரும், ஆரம் அதுல பாதி. வீட்டுப் பக்கத்துல தெங்கு நின்னா பயல நூலோட அனுப்புங்க.

அரைக்கோளத்துக்கு சிரட்டை எடுங்க. கணக்கா அரைக்கோளம் கிடையாது, பாடம் புரிய போதும். வெறும் சிரட்டையோட வெளிப்புறம் மட்டும் வளைபரப்பு, 2 பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். அதுக்குள்ள ரப்பர் பாலு உறைஞ்சு கட்டியானத அப்படியே தட்டி எடுத்தா மேல தட்டையா ஒரு வட்டம் இருக்கும், அதையும் சேத்தா மொத்தப் பரப்பு, அது 3 பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். எனக்க மவளுக்கு 2 எங்க 3 எங்கன்னு ரொம்ப நாளு தடுமாட்டம், அந்தக் கட்டியக் கையில குடுத்த அன்னைக்குத்தான் தெளிஞ்சுது.

குளச்சல் வள்ளம்:
கோளத்த எந்தப் பக்கம் நேரா வெட்டினாலும் வெட்டுன முகம் வட்டம்தான், ஒரு ஆரஞ்ச வெட்டிப் பாருங்க, நடுவ வெட்டுனா பெரிய வட்டம், ஓரத்துல வெட்டுனா சின்னது. பூமிக்கு அந்தப் பெரிய வட்டம் பூமத்தியரேகை, நம்ம கன்னியாகுமரி 8 டிகிரி வடக்க, அந்த அட்சக்கோடு அதவிடக் கொஞ்சம் சின்ன வட்டம். அப்புறம் தொடுகோடு. வள்ளத்துல கண்ணு ரெண்டு மீட்டர் ஒசரத்துல இருந்தா வானமும் கடலும் முட்டுத எடம் அஞ்சு கிலோமீட்டர்ல தெரியும், அந்தப் பார்வை கடலத் தொட்டுட்டு மேல போவுது பாருங்க, அதுதான் தொடுகோடு, தொடுத புள்ளில ஆரத்துக்கு நேர் செங்குத்து. திரும்பி வரும்போ முதல்ல மலை தெரியும், கரையும் தெங்கும் அதுக்குப் பொறவுதான், பூமி கோளமா இருக்கதுனால.

கணக்கு டீச்சர், குலசேகரம்:
ஒண்ணு விட்டுப்போச்சு அக்கா. வட்டம்னா கோடு மட்டும்தான், வளையல் மாதிரி. உள்ள இருக்குத எடம் வட்டத்தோட பரப்பு. பப்படத்த வச்சு சொல்லும்போ இத மறக்காம சொல்லிருங்க.

தக்கலை அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு எட்டு பப்படம் வெட்டியாச்சு. ஒரே பப்படத்துல ஓரத்துல இருந்து நூல வச்சு வச்சு நடுவுக்கு நகத்திட்டே வந்தான், நூலு நீளம் கூடிட்டே வந்து நடு தாண்டினதும் கொறையுதுன்னு அவனே பாத்துட்டு, "அம்மா, இருக்கதுலயே நீளமான நாண்தான் விட்டம்"னு ஓடி வந்து சொன்னான். மாமா இப்ப நோட்டுல ஒரு பக்கம் மலையாளம் ஒரு பக்கம் தமிழ்னு எழுதச் சொல்லிட்டு இருக்காரு, ரெண்டு பேரும் இன்னும் சாப்பிட வரல.