மறு: கூகெல்பிளிட்ஸ் – 'ஒளிவிளை கருந்துளை' சரிவருமா?

வணக்கம். 'கூகெல்பிளிட்ஸ்' (Kugelblitz) என்பது ஒளியை மட்டும் குவித்து உண்டாகும் கருந்துளைக்கு இயற்பியலில் வழங்கும் பெயர். அதற்குத் தமிழில் 'ஒளிவிளை கருந்துளை' என்று நான் சொன்னதற்கு நீங்கள் எழுதிய மறுப்புக்குப் பதில் இது.

> ஜெர்மன் சொல்தானே, 'உருண்டை மின்னல்' என்றே பெயர்க்கலாமே.

வேண்டாம் ஐயா. இடிமழையில் அந்தரத்தில் மிதப்பதாகச் சொல்லும் தீப்பந்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. நாம் பேசுவது வேறு. ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு. தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு நிற்கும் ஒளித்திரளை 'ஜியான்' என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர் 1955-இல் எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் கூகெல்பிளிட்ஸ்: ஒளியை மட்டும் ஓரிடத்தில் குவித்துக்கொண்டே போனால், குன்றிமணி அளவு பொருளும் இல்லாமல் கருந்துளை உண்டாகும்.

முதலில் நான் 'ஒளிக்கருந்துளை' என்றுதான் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளையில் பாடம் எடுத்தேன். "அது வெளிச்சம் விடுமா சார்?" என்றார்கள் பிள்ளைகள். பாறசாலையிலிருந்து வரும் பையன் கருந்துளைக்கு மலையாளத்தில் படித்த 'தமோகர்த்தம்' என்பதைப் பலகையில் எழுதி, "இருட்டுக் குழிக்குள்ள ஒளி எப்படி சார்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். ஒளி அங்கே மூலப்பொருள் என்பதை என் சொல் காட்டவில்லை.

அப்புறம்தான் 'விளை' தோன்றியது. 'ஒளிவிளைந்த' என்றால் எங்கோ விளைந்துவிட்டதாக ஆகிவிடும். அப்படி ஒன்றை இன்றுவரை யாரும் கண்டதில்லை. 2024-இல் வந்த ஒரு கணக்கு, இயல்பான சூழலில் அது உண்டாகவே வழியில்லை என்கிறது. மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 × 10^18 வோல்ட்டைத் தொடும்போது வெற்றிடமே எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) இணைகளைக் கக்கத் தொடங்கும். அவை ஆற்றலை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடும், ஒளி குவியாது. விளைந்ததா, விளையுமா என்று சொல்ல முடியாத பொருளுக்குக் காலம் கரந்த வினைத்தொகையைவிடப் பொருத்தமான உருவம் எது? வினைத்தொகை என்பதால் 'விளை'க்குப் பின் 'க்' மிகாது, அதையும் கவனித்து எழுதவேண்டும்.

ஒரு சிக்கல் எங்கள் ஊர்ப்பக்கத்தில் மட்டும் வரும். இங்கே விளை என்றால் தென்னையும் மரச்சீனியும் நிற்கும் தோட்டம், ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. 'ஒளிவிளை' என்று சுருக்கினால் "அது எந்த விளை சார்?" என்பார்கள். ஆகவே சுருக்காமல் முழுதாகவே வழங்குவோம்.

சனிக்கிழமை வகுப்பில் இப்படியே பலகையில் எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.