நம்பிக்கையா இருங்கோ எண்டு சொல்லப் போய் வாயடைச்சு நிண்ட அனுபவம் ஆருக்கும் இருக்கோ?

கரையூரான்:
யாழ்ப்பாணத்தில குருநகர்ப் பக்கம் ஒரு வீடு. பெடியன் தொழிலுக்குப் போனவன், படகு மட்டும் கரை ஒதுங்கினது. உடம்பு கிடைக்கேல்லை. ஆனபடியா செத்தவீடும் இல்லை, சேமக்காலையில அடக்கமும் இல்லை. கடற்கரைச் சனத்துக்கு இது விளங்கும். செபமாலை சொல்லப் போனனாங்கள். முடிஞ்சு எழும்பேக்கை எங்களில ஒராள், "நம்பிக்கையா இருங்கோ அக்கா, ஆண்டவர் கைவிடமாட்டார்" எண்டிட்டா. தாய்க்காரி நண்டு வலையில கிழிசல் பொத்திக்கொண்டு இருந்தவ. ஊசியை வலையிலயே குத்தி வைச்சிட்டு நிமிர்ந்தா. "பிள்ளை, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டு சிலுவையில கத்தினவர் எல்லே. அந்தக் கத்தினவரைத்தான் நான் கும்பிடுறன்." சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்த எழும்பிட்டா. அது விசுவாசமோ கோவமோ எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை.

பழைய மயிலிட்டி:
எங்கட அப்பப்பா 1990-ல சண்டைக்குள்ள மயிலிட்டியை விட்டு வந்தவர். காணி உறுதிப் பத்திரம் ஒரு லக்ஸ்பிறே பால்மாப் பேணிக்குள்ள. முகாம், வாடகை வீடு, 95 ஒக்டோபர் இடப்பெயர்வு, நாவற்குழிப் பாலம் எண்டு எல்லாத்துக்கும் பேணி கூட வந்தது. மாரி முடிய முத்தத்தில பாய் விரிச்சு, நாலு மூலைக்கும் கல் வைச்சு, உறுதியைக் காய விடுவார். ஆமி இருக்கிற காணிக்கு ஏனப்பா இந்தப் பாடு எண்டு சின்னம்மா சிரிப்பா. ஒரு பாதர்தான் அவருக்கு எரேமியா கதை சொன்னவர். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கு, எரேமியாவும் காவலில. அந்த நேரம் பார்த்து அனத்தோத்தில 17 சேக்கல் வெள்ளி குடுத்துக் காணி வாங்கி, உறுதியை மண்பானைக்குள்ள வைப்பிக்கிறார். அப்பப்பா கேட்டிட்டு, "பானையை விட எங்கட பேணி திறம் சுவாமி, தண்ணி போகாது" எண்டவராம். 2017-ல ஆமி மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை விடேக்கை அவர் இல்லை. எங்கட துண்டு இன்னும் கம்பிக்கு அங்கால. பேணி என்னட்ட.

சாட்சி யாழ்:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்ர சாட்சி சின்னது. மகளுக்கு டெங்கு, ஜெபிச்சம், சுகம்.
கரையூரான், அந்தச் சகோதரி சொன்னதை அப்பிடியே விடக்கூடாது. ஆண்டவர் கத்தினது சங்கீதம் 22-இன்ர முதல் வரி. கடைசி மட்டும் வாசிச்சுப் பாருங்கோ, துதியில முடியும். ரோமர் 5-ல பவுல், உபத்திரவம், பொறுமை, பரீட்சை, பிறகுதான் நம்பிக்கை எண்டு ஒழுங்கு சொல்லுறார், இடையில ஒண்டையும் தாண்ட ஏலாது. எபிரேயர் 6-ல நம்பிக்கையை நங்கூரம் எண்டிருக்கு, கடல் தொழில் செய்யிற ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் இல்லை. அவவைத் தனிய வலையோட இருக்க விடாதேங்கோ. பெடியன்ர படத்தைக் கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு வையுங்கோ. வெள்ளிக்கிழமையில உபவாசம் நல்லது, ஆனா உடம்பு பலவீனமெண்டா வேண்டாம், முருங்கையிலை சேர்க்கச் சொல்லுங்கோ. எங்கட சபையில இருந்து ஆக்களை அனுப்பவும் ஏலும்.

நவாலிப் பெட்டை:
அண்ணை, சங்கீதம் துதியில முடியுது, சரி. ஆனா மத்தேயுவும் மாற்குவும் அந்த முதல் வரியோட நிப்பாட்டிட்டினம். மிச்சத்தை நீங்கள் ஏன் அந்த மனுசிக்குப் பாடிக் காட்டோணும்?
95 ஆடி 9, எங்கட நவாலி சென் பீற்றேர்ஸ் கோயில்ல விமானக் குண்டு விழேக்கை நூறு பேருக்கு மேல செத்தவை, இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கின சனம்தான் கனபேர். எங்கட சித்தியும் அதுக்குள்ள. பிறகு பூசைக்குப் போனா அம்மம்மா ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கமாட்டா. "ஆண்டவரே இரக்கமாயிரும்" எண்டதுக்கு மட்டும் திறப்பா, அதுவும் மற்ற ஆக்களை விடச் சத்தமா. பாதர் ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை. நல்ல மனுசன்.

சாட்சி யாழ்:
நான் பிழையாச் சொல்லேல்லை, வசனத்தைத்தான் சொன்னனான்.

கரையூரான்:
சண்டை வேண்டாம். சாட்சி அண்ணை, வாறதெண்டா வாங்கோ, ஆனா அந்த வீட்டில நங்கூரம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. படகு வந்தது நங்கூரத்தோடதான். முருங்கையிலை அவவின்ர வளவிலயே நிக்குது.
எஞ்சின் எடுத்த கடன் சங்கத்தில அப்பிடியே நிக்குது, அதுதான் இப்ப பெரிய பாடு. அதில ஒரு பங்கு குடுக்க ஏலுமெண்டவை உள்பெட்டியில வாங்கோ.