கீரிப்பாறையில் தவளைவாயன்: நம் மாவட்டத்துப் பறவை அனுபவங்கள்

கோட்டாறு, நாகர்கோவிலிலிருந்து:

வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுசீந்திரம் குளத்தை எத்தனை ஆயிரம் முறை பஸ்ஸில் கடந்திருப்பேனோ தெரியாது. அதில் நின்ற பறவைகளெல்லாம் எனக்குக் கொக்குதான். கோவையில் இருக்கும் தங்கை மகள் இந்தத் தை மாதம் வந்து, “மாமா, வழிகாட்டி ஒருவர் நான்கு நாள் கூட்டிப்போகிறார், நீங்களும் வாருங்கள்” என்று விடாப்பிடியாக நின்றாள். ஏழு பேர், ஒரு வேன். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கடற்கரையில் காலைச் சாயா குடித்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். அந்தச் சின்னத் தூரத்துக்குள் உப்பளம், குளம், வயல், முள்காடு, ரப்பர் தோட்டம், மழைக்காடு என்று நிலம் மாறிக்கொண்டே போவதை அன்றுதான் கவனித்தேன்.

வழிகாட்டிக்குச் சொந்த ஊர் கீழமணக்குடி. அப்பா கடல் தொழில் செய்பவர். முதல் நாள் பழையாறு கடலில் சேரும் இடத்தில் எங்களை நிறுத்தி, 2004 சுனாமி பாலத்தையே அடித்துக்கொண்டுபோன கதையைச் சொன்னார். அப்போது அவர் சிறுவன். அலையாத்திச் செடிகளின் மேல் செம்பருந்துகள் வட்டமிட்டன. அவற்றுக்கு வெகு உயரத்தில் தனியாக ஒன்று, சிறகை லேசாக மேல்நோக்கி வளைத்தபடி மிதந்தது. வெண்வயிற்றுக் கடற்கழுகு என்றார்.

புத்தளம் உப்பளத்தில்தான் நான் முதன்முதலாக மூச்சடக்கிப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான்கள், ஐம்பது அறுபது இருக்கும், ஈரச் சேற்றில் குனிந்த தலை நிமிராமல் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. முப்பது கிராம்கூட எடை இருக்காதாம். ஆர்க்டிக் ஓரத்துத் தரிசில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகின்றன. பாத்தியைச் சீர்செய்துகொண்டிருந்த பெண்கள் பலகையை இழுத்தபடி பக்கத்திலேயே நடந்தார்கள். பறவைகள் நாலடி தள்ளி வழிவிட்டதோடு சரி. எங்கள் வேன் கதவு சாத்திய சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது. “இவர்களோடு அவற்றுக்குப் பழக்கம் சார். நமக்குத்தான் இன்னும் பழக்கம் இல்லை” என்றார் வழிகாட்டி. அதற்குப் பிறகு நான்கு நாளும் நான் அந்தக் கதவைக் கையால் பிடித்து, மெதுவாகத்தான் சாத்தினேன்.

இரண்டாம் நாள் சுசீந்திரமும் தேரூரும். கும்பப்பூ அறுவடைக்குக் காத்திருந்த வயல்களுக்கு நடுவே குளம் நிறைந்து கிடந்தது. கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, இத்தனை காலம் கொக்கு என்ற ஒரே சொல்லில் எத்தனை உயிர்களை அடைத்து வைத்திருந்தேன் என்று வருத்தமாக இருந்தது. 2022-இல் இந்தக் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களில் நானும் ஒருவன். தங்கை மகள் தேடி வந்தது நீளவால் இலைக்கோழியை. தாமரை இலை மேல் விரல்களை அகல விரித்து, இலை அமுங்குமுன் அடுத்த இலைக்குக் காலை மாற்றி அது நடந்தது. ஆனால் வாலைக் காணோம்! “அந்த வால் மழைக்காலத்தில்தான் வளரும் அக்கா. ஆவணியில் வாருங்கள்” என்று சமாதானம் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று, காற்றாலைகள், உடைமரங்கள், ஒரு பனங்காடை. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்த பறவையியலாளர் சாலிம் அலி இங்கேயும் முகாமிட்டிருந்தார் என்று கேட்டதும் அந்தப் பொட்டலை வேறு கண்ணால் பார்த்தேன். மற்றபடி வெயில்தான்.

நான்காம் நாள் கீரிப்பாறை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓடைக்கரையில், இடுப்பளவுப் புதர் ஒன்றின் முன் எங்களை நிறுத்தி, பேசாமல் கையை மட்டும் நீட்டினார். காய்ந்த இலைகள்தான் தெரிந்தன. ஐந்து நிமிடம் நின்றும் இலைகளேதான். பிறகு இரண்டு இலைகளுக்கு மூக்கின் மேல் மீசை மயிர் இருப்பது தெரிந்தது. ஒன்று சாம்பல், ஒன்று செம்மண் நிறம். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தன. தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. என் செருப்பின் கீழ் ஒரு சுள்ளி ஒடிந்தது. ஆண் பறக்கவில்லை. தலையை மெல்ல, மிக மெல்ல மேலே தூக்கி, அலகு வானத்தைப் பார்க்க நின்றது. முறிந்த கொம்பு ஒன்று அங்கே இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

எங்களோடு வந்த ஒருவர், கண்ணைத் திறந்தால் நல்ல படம் கிடைக்கும் என்று கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடப் போனார். வழிகாட்டி அந்தக் கையைப் பிடித்துவிட்டார். “வேண்டாம் சார். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று இது பதறும். இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடும்.” வந்தவர் முகம் வாடியது. பணம் கட்டி வந்தவரிடம் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். நான் வழிகாட்டி பக்கம்தான். குரல் போட்டுப் பறவையை வரவழைக்கும் வழிகாட்டியோடு யாரும் போகாதீர்கள்.

தடிக்காரன்கோணத்திலிருந்து:

அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் புதரை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேலே இருக்கும் சரிவில்தான் நான் பால்வெட்டுகிறேன். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும்போது அதன் குரல் கேட்கும். ஆண் விட்டுவிட்டுச் சிரிப்பது போலக் கத்தும், பெண் அலறும். சிறுவயதில் அப்பாவோடு வந்த முதல் நாள் அதைக் கேட்டு அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். பறவை என்று அப்பா சொன்னார். ஆனால் அவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

உங்கள் வழிகாட்டித் தம்பிதான் மூன்று ஆண்டுக்கு முன் எனக்குக் காட்டினார். பிறகு கூட்டையும் நானே கண்டுபிடித்தேன். கிளைக் கவையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மெத்தை, பாசியும் தன் பஞ்சுமயிரும் சேர்த்துச் செய்தது. ஒரே முட்டை. பகலில் ஆண்தான் அடைகாக்கும். வெட்டு முடிந்து பால் எடுக்க வரும்போதெல்லாம் தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன். அந்தச் சமயம் பார்த்து அடிக்காட்டை வெட்டித் துப்புரவாக்க ஆட்கள் வந்தார்கள். கங்காணியிடம் போய், ஓடைக்கரையில் நான்கு பாகம் நீளம் மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். அந்த நான்கு பாகம் இன்றுவரை வெட்டப்படவில்லை. நீங்கள் பார்த்தது அந்தப் புதரைத்தான்.

பார்வதிபுரத்திலிருந்து:

நான் எந்தச் சுற்றுலாவுக்கும் போனதில்லை. பறவை என் வீட்டுக்கு வந்தது. ஐப்பசி மாதம், இரவு முழுக்க மழை. காலையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் பூனை எதையோ குறிவைத்துப் பதுங்கியிருந்தது. பூனையை விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், இப்படி ஒரு நிறச் சேர்க்கையை நான் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், கண் மேல் அகலமான கறுப்புப் பட்டை, வால் அடியில் குங்குமச் சிவப்பு. கையில் எடுத்தபோது திமிறவே இல்லை. உடம்பெல்லாம் துடித்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். அது ஆறுமணிக் குருவி அக்கா, வடக்கிலிருந்து இரவில் பறந்து வந்து களைத்து விழுந்திருக்கிறது என்றான். வாயைத் திறந்து தண்ணீரோ சோறோ ஊட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். அட்டைப் பெட்டியில் துளை போட்டு, பழைய துண்டை விரித்து, இருட்டு அறையில் வைத்தோம். பிள்ளைகளைச் சத்தம் போடக் கூடாது என்றேன். அன்று தொலைக்காட்சியைக்கூட அவர்கள் போடவில்லை. மாலையில் பலாமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் சருகின் மேல் நின்றது, பிறகு தத்தித் தத்தி வேலிக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து பல நாள், விளக்கேற்றும் நேரத்துக்கு அந்த வேலியிலிருந்து இரண்டு சீழ்க்கை கேட்டது. அதே குருவிதான் என்று என் பிள்ளைகள் சாதிக்கிறார்கள்.

தேரூரிலிருந்து:

அண்ணாச்சி, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். குளத்துக்குக் கீழே எனக்கு இரண்டு ஏக்கர் வயல். நத்தைக்குத்தி நாரை என் வயலில் இறங்கினால் எனக்குக் கோயில் கொடை மாதிரி. நத்தையைப் பொறுக்கித் தின்று வரப்பில் வெறும் ஓடுகளை விட்டுப்போகும். ஆனால் மீனுக்காகக் குளத்தில் கட்டும் நைலான் வலையில் இவை மாட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன ஆண்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. நானும் மகனும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினோம். நான் அலகைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மகன் கதிர் அரிவாளால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தான். சிறகின் எலும்பில் நூல் இறங்கியிருந்தது. அது பிழைத்தது. அதே வலையில் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்க்காகங்கள் ஏற்கெனவே விறைத்திருந்தன. குத்தகை எடுத்தவரிடம் பேசியதில், பறவை அடையும் மூலையில் மட்டும் வலை கட்டாமல் விட ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டும் போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் தங்கை மகளிடம் ஆவணியில் வரச் சொல்லுங்கள். போன ஆவணியில் இலைக்கோழியின் நான்கு முட்டைகள் தாமரை இலை நடுவே கிடந்தன. ஆண்தான் உட்கார்ந்திருந்தது, முழு வாலோடு. தாமரை பறிப்பவர்களிடம் இடம் கேட்டு வைக்கிறேன். படகு வேண்டாம், என் வரப்பிலிருந்தே தெரியும்.