ஆஸ்திரேலியாவுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? வொம்பாட் எங்கே இருக்கும், வண்டி ஓட்டும்போது என்ன கவனிக்கணும்

ஊருக்கு வந்து கார் வாங்கினதும் முதல் லாங் வீக்கெண்டுக்கு எல்லாரும் கேட்கிற கேள்வி, வொம்பாட்டை (வளை தோண்டி வாழுற, வயித்துப் பையில குட்டியை வளர்க்கிற ஆஸ்திரேலிய விலங்கு) ஜூவில் இல்லாம வெளியில எங்கே பார்க்கலாம்னு. விவரமாவே சொல்றேன். அது இருக்கிற பக்கம் இருட்டுல ஓட்டிட்டுப் போறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

வொம்பாட்டுல மூணு வகை. நாம பார்க்கப் போறது பெரும்பாலும் சாதாரண வொம்பாட்தான். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மலைக்காடுகள்லயும் டாஸ்மேனியாவுலயும் நிறைய இருக்கு. குளிர்ச்சியான இடம், தோண்ட வசதியான மண், பக்கத்துல மேய புல், இதெல்லாம் வேணும் அதுக்கு. அதனால ஓடைக்கரைச் சரிவுலதான் பெரும்பாலும் வளை தோண்டும். பகல்ல உள்ளே தூங்கிட்டு, வெயில் இறங்கினதும் மேய வரும். குளிர்காலத்துல மத்தியானமே வெளியே வர்றதும் உண்டு.

சிட்னிக்காரங்களுக்கு கங்காரு வேலி பக்கம் பெண்டீலா கேம்ப்கிரவுண்ட்தான் என் முதல் சாய்ஸ். சாயங்காலம் புல்வெளி முழுக்க மேஞ்சிட்டு இருக்கும். மெல்போர்ன்ல இருந்தா வில்சன்ஸ் ப்ராமன்டரில டைடல் ரிவர். டாஸ்மேனியா போறவங்க கிரேடில் மவுண்டன்ல ரானி க்ரீக்கை விட்டுடாதீங்க, அங்கே மரப்பலகைப் பாதையில நின்னே பார்க்கலாம். நடக்கும்போது கல்லு மேல, விழுந்த மரத்து மேல பாருங்க. சதுரக் கட்டி கட்டியா காஞ்ச புழுக்கை கிடந்தா, வொம்பாட் தன் எல்லையைக் குறிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்.

அடிலெய்டு பக்கம் கதை வேற. அங்கே தெற்கத்திய ரோமமூக்கு வொம்பாட். மழை குறைஞ்ச வறண்ட சமவெளி, நல்லார்பார் வரைக்கும் பரவியிருக்கு. பிளாஞ்ச்டவுன் பக்கம் புரூக்ஃபீல்ட் கன்சர்வேஷன் பார்க் போனா வளைங்க கூட்டம் கூட்டமா தெரியும். மூணாவது, வடக்கத்திய ரோமமூக்கு வொம்பாட், அழிவோட விளிம்புல இருக்கு. 1980கள்ல சுமார் 35தான் மிச்சம். குயின்ஸ்லாந்து எப்பிங் ஃபாரஸ்ட் நேஷனல் பார்க்தான் அதோட கடைசிப் புகலிடமா இருந்துச்சு (நம்ம சிட்னி எப்பிங் இல்லைங்க). பொதுமக்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. 2009ல செயின்ட் ஜார்ஜ் பக்கம் இரண்டாவது இடத்துல கொஞ்சத்தைக் கொண்டுபோய் விட்டாங்க, இப்ப எண்ணிக்கை மெதுவா ஏறுது. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

இப்ப ரோடு விஷயம். வொம்பாட் 25, 30 கிலோ இருக்கும், குட்டையா இருட்டு நிறத்துல இருக்கிறதால ஹெட்லைட்ல சட்டுனு தெரியாது. வொம்பாட் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கை போர்டு பார்த்தா, அதுவும் அந்தி, விடியற்காலைல, வேகத்தைக் கட்டாயம் குறைங்க. அடிபட்டுக் கிடக்கிறதைப் பார்த்தா, ஓரமா நிறுத்த இடம் பத்திரமா இருந்தா மட்டும் இறங்கிப் பாருங்க. வளை தோண்டும்போது மண் உள்ளே போகாம இருக்க அதோட பை பின்பக்கமா திறந்திருக்கும், குட்டி உயிரோட இருக்கலாம். காம்பைக் கவ்விட்டு இருந்தா இழுக்காதீங்க, உடனே மீட்புக்குழுவைக் கூப்பிடுங்க. நியூ சவுத் வேல்ஸ்ல வயர்ஸ், விக்டோரியால வைல்ட்லைஃப் விக்டோரியா. ரெண்டு நம்பரையும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஃபோன்ல சேவ் பண்ணிடுங்க, மலைப்பக்கம் டேட்டா சரியா கிடைக்காது.

முடி கொட்டி, தோல் தடிச்சுப் போய், பகல்ல தடுமாறிட்டுத் திரியுற வொம்பாட்டைப் பார்த்தா அது சொறி நோயா இருக்கலாம். கிட்டப் போகாதீங்க. வெஸ்டர்ன் சிட்னி யுனிவர்சிட்டி நடத்துற வோம்சாட்ங்கிற வொம்பாட் பதிவு வெப்சைட்ல இடத்தைக் குறிச்சுப் பதிவு பண்ணுங்க. வளை கண்ணுல பட்டாலும் அதுல போடலாம்.